நெய்தலில் வாழ்கிறோம், மருதத்தை உண்கிறோம்

"சாப்பிட்டாயிற்றா?" என்று ஒரு தமிழ் மாணவனைக் கேளுங்கள். ஆறு இட்டிலியும் ஒரு குவளைக் காப்பியும் வயிற்றுக்குள் சென்றிருந்தாலும், "இல்லை, டிபன்தான் ஆயிற்று" என்றே அவன் விடை கூறுவான். சோறு உண்டாலன்றி உண்டதாக நாம் கணக்கு வைப்பதில்லை. மீனும் முட்டையும், கீரையும் காயும், பருப்பும் பயறும் நமக்கு உணவல்ல; தொட்டுக்கொள்ள வைக்கும் பொருள்கள். தொட்டுக்கொள்ளுதல் என்ற சொல்லே அவற்றின் அளவைச் சொல்லிவிடுகிறதன்றோ? மலைபோல் சோறு, மருந்துபோல் கறி. நம் இலையின் இலக்கணம் இதுதான்.

இந்த இலக்கணத்தைத் திருத்தி எழுத வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. சோற்றை விட்டொழியுங்கள் என்று சொல்ல நான் முன்வரவில்லை. சோறு இருக்கட்டும், ஆனால் அது தொட்டுக்கொள்ளும் இடத்தில் இருக்கட்டும். கறி, உண்ணும் இடத்திற்கு வரட்டும்.

இதை எந்த ஊரிலிருந்தும் சொல்லலாம். ஆயினும் அபர்டீன் பஜாரில் நின்று சொல்வதற்குத் தனிப் பொருத்தம் உண்டு. 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேர் நகரின் வாணிகம் பெரும்பாலும் அங்குள்ள மணிக்கூண்டைச் சுற்றியே நடக்கிறது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இத்தீவுகளில் 100-க்கு 15 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். ஆதலால் அந்தக் கடைத்தெருவில் தமிழ் கேட்காத நாள் இல்லை. மாதத் தொடக்கத்தில் நம் வளாகத்து மாணவர் அங்கே சென்று வாங்கி வரும் பையை அவிழ்த்துப் பாருங்கள்: அரிசி, ரவை, சேமியா, உருளைக்கிழங்கு, வெங்காயம், அப்பளம், ரொட்டி, நூடுல்ஸ் பொட்டலம். பேர் எட்டு, வெங்காயத்தை நீக்கிவிட்டால் பொருள் ஒன்றே. அத்தனையும் மாவுச்சத்து!

அதுமட்டுமன்று; அந்தப் பையில் உள்ளவற்றுள் பெரும்பாலானவை கடல் கடந்து வந்தவை. இத்தீவுகளின் நிலப்பரப்பில் 100-க்கு 80 பங்குக்கும் மேற்பட்டது காடு. திக்லிப்பூர்ப் பக்கத்தில் நெல் விளைகிறதென்றாலும், தீவு மக்கள் அனைவருக்கும் அது போதாது. ஆகவே அரிசி கப்பலேறி வருகிறது. சென்னையிலிருந்து ஹாடோ துறைக்கு ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். கப்பலுக்குச் சுமார் மூன்று நாள் வழி. மறுபுறம், நாட்டின் தனிப்பொருளாதாரக் கடற்பரப்பில் 100-க்கு 30 பங்கு அந்தமான் நிக்கோபாரைச் சூழ்ந்த கடல். சூரை மீனுக்குப் பேர்போன கடல் அது. அதில் பிடித்த மீன், பஜாரிலிருந்து தொலைவில்லாத ஜங்லிகாட் துறையில் வந்து இறங்குகிறது. தொலைவில் விளைவதை வயிறு நிரம்ப உண்கிறோம். வாயிலில் கிடைப்பதைத் தொட்டுக்கொள்கிறோம்.

தமிழன் என்றால் சோறுதானே என்று சிலர் மறுமொழி கூறக்கூடும். கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையை நம்மில் பலர் படித்திருப்போம். பரிசில் நாடிச் செல்லும் பாணனுக்கு வழிநெடுகிலும் விருந்து கிடைக்கிறது. இடையர் குடியில் தினைச்சோறும் பாலும் தருகின்றனர். உழவர் குடியில் நெற்சோறும் கோழிக்கறியும் தருகின்றனர். வலைஞர் குடியில் மீன் தருகின்றனர். எந்த நிலத்தில் நின்றானோ அந்த நிலத்தின் உணவை அவன் உண்டான். வயிறார நெற்சோறு என்பது மருத நிலத்தின் வழக்கம். தமிழ்நிலம் முழுமையின் வழக்கம் அன்று. ஆறும் ஏரியும் அணையும் வாய்க்காலும் மருதத்தை வளர்த்தன. மருதத்தின் உணவே மேலான உணவு என்ற எண்ணமும் உடன் வளர்ந்தது. இன்று நாம் நெய்தலில் வாழ்கிறோம், மருதத்தை உண்கிறோம்.

அரிசியின்றி மனிதன் வாழ இயலாது என்ற வாதமும் இந்த மண்ணில் செல்லாது. ஆங்கிலேயர் இங்குக் கைதிகளின் குடியேற்றத்தை 1858-இல் தொடங்கினர். மறு ஆண்டு மே 17-ஆம் நாள், பெரிய அந்தமானியர் வில்லும் அம்பும் ஏந்தி அவர்களை எதிர்த்துப் போரிட்டனர். அப்போர் அபர்டீன் போர் என்றே வரலாற்றில் பெயர் பெற்றது. நாட்டைக் காக்க வந்த அம்மக்கள் உழவு அறியாதவர்கள். மீன், ஆமை, காட்டுப்பன்றி, தேன், கிழங்கு, கனி ஆகியவை அவர்கள் உணவு. நெல் என்ற ஒன்றைக் காணாமலே அவர்தம் முன்னோர் பல்லாயிரம் ஆண்டுகள் இத்தீவுகளில் வாழ்ந்தனர். தெற்கே நிக்கோபாரியரும் தாழையின் பழம், தேங்காய், கிழங்கு, பன்றி, மீன் என்ற வரிசையிலேயே தம் சமையலை அமைத்துக்கொண்டனர். நாம் அவர்களைப்போல் வாழவேண்டும் என்று நான் கூறவில்லை, கூறினாலும் இயலாது. ஆனால் மனித உடல் சோற்றுக்கென்றே படைக்கப்பட்டது என்ற நினைப்பை மட்டும் இங்கே விட்டுவிடலாம்.

சோறு நமக்குச் செய்த தீங்குதான் என்ன என்று கேட்பீர்கள். சோறு தீங்கு செய்யவில்லை. சோற்றின் அளவுதான் தீங்கு செய்கிறது. 100 கிராம் வெள்ளையரிசியில் ஏறத்தாழ 78 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. புரதம் 8 கிராம்தான். நன்றாக உண்ணும் மாணவன் ஒரு வேளைக்கு 150 கிராம் அரிசியை வடித்து உண்கிறான் என்று வைத்துக்கொள்வோம். 117 கிராம் மாவுச்சத்து ஒரே வேளையில் உள்ளே செல்கிறது. செரித்தபின் அது குளுக்கோசாக மாறி இரத்தத்தில் சேர்கிறது. வயலில் ஏர் பிடித்தவனும் துறையில் மூட்டை சுமந்தவனும் அதை உழைப்பில் எரித்தார்கள். வகுப்பில் உட்கார்ந்து, நூலகத்தில் உட்கார்ந்து, பேருந்தில் உட்கார்ந்து, அறையில் படுத்துக் கைப்பேசியைப் பார்க்கும் நாம் அதை எங்கே எரிப்பது? கணையம் இன்சுலினைச் சுரந்து சுரந்து ஓய்கிறது. மிஞ்சியது கொழுப்பாகி வயிற்றில் தங்குகிறது. பகலுணவுக்குப் பின் வரும் முதல் வகுப்பில் கண் சொக்குவதற்கு ஆசிரியரின் குரலை மட்டுமே குறை கூறுதல் நேர்மையாகாது!

இது கண்சொக்கலோடு முடியும் செய்தியாக இருந்தால் கட்டுரை எழுத வேண்டுவதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் இணைந்து நாடெங்கும் நடத்திய பேராய்வின் முடிவு 2023-இல் வெளிவந்தது. நாட்டில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருக்கிறது, மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாயிற்படியில் நிற்கிறார்கள் என்று அது மதிப்பிட்டது. தமிழ் வழங்கும் புதுச்சேரியில் வயது வந்தோருள் 100-க்கு 26 பேருக்கு மேல் நீரிழிவு உடையோர். நால்வர் உட்கார்ந்து உண்ணும் பந்தியில் ஒருவர்! நம்மில் எத்தனை பேர் வீட்டில் தந்தையோ தாயோ மாத்திரை விழுங்குகிறார்கள் என்பதை எண்ணிப் பார்த்தால், எனக்கு எண்ணிக்கை தேவையில்லை என்பீர்கள். பெற்றோர்க்கு உள்ள நோய் பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மிகுதி. ஆகையால் இது முதியோர் பேச்சன்று. இருபது வயதில் தொடங்க வேண்டிய பேச்சு.

அதே பேராய்வின் உணவுப் பகுதி 2025-இல் வெளிவந்தது. இந்தியர் உண்ணும் ஆற்றலில் 100-க்கு 62 பங்கு மாவுச்சத்திலிருந்தே வருகிறது என்று அது காட்டியது. அதனுள் நம் கவனத்தைக் கவர வேண்டிய செய்தி இன்னொன்று. மாவுச்சத்தின் மொத்த அளவைக் குறைக்காமல், அரிசியின் இடத்தில் கோதுமையையோ சிறுதானியத்தையோ வைப்பதால் மட்டும் நீரிழிவு வாய்ப்புக் குறைந்ததாகக் காணப்படவில்லை. மாவுச்சத்தில் ஒரு சிறு பங்கைக் குறைத்து, அந்த இடத்தில் பயறு, பால், முட்டை, மீன் ஆகியவற்றின் புரதத்தை வைத்தவர்களிடத்தில்தான் குறைவு காணப்பட்டது. இரவில் சோற்றுக்குப் பதில் நான்கு சப்பாத்தி உண்டுவிட்டு நோன்பிருந்ததாக எண்ணிக்கொள்வோர் இதை இருமுறை படிக்க வேண்டும். கேழ்வரகிலும் 100 கிராமுக்கு 65 கிராமுக்கு மேல் மாவுச்சத்து உண்டு. நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் அதில் மிகுதி என்பது உண்மை. அளவின்றி உண்ணலாம் என்பது உண்மையன்று.

இதற்கு எதிராக எழக்கூடிய வாதங்களுள் ஒன்று மிக வலிமையானது. அதைத் தட்டிக்கழித்துவிட்டு மேலே செல்வது முறையன்று. சோறு என்பது ஏழையின் மானம் என்பதே அவ்வாதம். உண்மை. இத்தீவுகளே அதற்குச் சான்று. 1942 மார்ச்சில் சப்பானியர் இங்கு வந்திறங்கினர். போரின் இறுதியில் கப்பல் வரத்து நின்றது, பஞ்சம் தலைவிரித்தாடியது. 1945 ஆகஸ்டில், பயிரிடுவதற்கென்று சொல்லி நூற்றுக்கணக்கான மக்களைக் கப்பலேற்றி, இன்று சுவராஜ் தீவு என வழங்கும் ஹாவ்லாக்கின் அருகே கடலில் தள்ளினர். உயிர் பிழைத்தவர் மிகச் சிலர். அந்த நினைவை உடைய மண்ணில் அரிசி மூட்டை ஏறிய கப்பல் தெய்வமாகத் தோன்றியதில் வியப்பென்ன? தமிழ்நாட்டிலும், ரூபாய்க்குப் படியரிசி என்பது 1967-இல் ஆட்சியை மாற்றிய முழக்கங்களுள் ஒன்று. 2011 முதல் அங்கே குடும்ப அட்டைக்கு அரிசி விலையின்றிக் கிடைக்கிறது. பசித்தவனுக்கு முதலில் வேண்டுவது சோறே. அதைக் குறைகூறும் நா நமக்கு வேண்டாம்.

ஆனால் பசி தீர்ந்த பிறகும் அதே இடத்தில் நிற்பதுதான் கேள்வி. அரிசி மலிவு, புரதம் விலையுயர்வு என்ற நிலை ஏழையைச் சோற்றோடு கட்டிப்போடுகிறது. பசியால் வாடிய குடிசையில் இன்று நீரிழிவு நுழைந்திருக்கிறது; செல்வர் மாளிகையை மட்டும் தேடிச் சென்ற நோய் அல்ல அது இப்போது. வயிற்றை நிரப்பும் உரிமையை வென்றெடுத்த மக்கள், அடுத்தபடியாக உடலை வளர்க்கும் உணவுக்கான உரிமையைக் கேட்க வேண்டாமா? அரிசியோடு பருப்பும் முட்டையும் மீனும் எளிய விலையில் வேண்டும் என்று கேட்பதே சோற்றுப் போராட்டத்தின் அடுத்த படி.

இன்னொரு வாதம், இது மேல்நாட்டு மோகம் என்பது. மாவுச்சத்தைக் குறைத்து உடல் மெலிந்த வரலாறு மேல்நாட்டில் பழையதுதான். இலண்டனில் இறுதிச் சடங்குகளை நடத்திக் கொடுக்கும் தொழில் செய்த வில்லியம் பான்டிங் என்பவர், மருத்துவர் சொற்படி ரொட்டியும் சர்க்கரையும் உருளைக்கிழங்கும் விட்டு உடல் இளைத்ததை 1863-இல் சிறு நூலாக வெளியிட்டார். அதன்பின் பற்பல பெயர்களில் அது வந்து போயிற்று. நம்மவரிடையேயும் 'பேலியோ' என்ற பெயரில் பரவிற்று. இன்று அதைச் சொல்லித் தருவோர் பலர் பாதாம் மாவு, ஆலிவ் எண்ணெய், அவகாடோ என்று ஒரு பட்டியலை நீட்டுகிறார்கள். அவையும் கப்பலில் வரவேண்டியவை. அரிசியைவிடப் பன்மடங்கு விலையுள்ளவை. காலிபிளவரைத் துருவிச் சோறுபோல் ஆக்கி ஏமாற்றிக்கொள்ளவும் கற்பிக்கிறார்கள். சோற்றைப்போல் வேடம் போட்ட ஒன்றை உண்பதைவிட, ஒரு கைப்பிடி உண்மையான சோற்றை உண்பது மேல் என்பது என் கருத்து. நமக்கு வேண்டுவது மேல்நாட்டுத் தட்டன்று. நம் தட்டிலேயே இடமாற்றம்.

அந்த இடமாற்றம் எவ்வளவு? இந்தியர்க்கென 2022-இல் வெளிவந்த கணிப்பு, நீரிழிவு உடையோர் ஆற்றலில் 100-க்கு 49 முதல் 54 பங்கு மாவுச்சத்தோடு நிறுத்தி, புரதத்தை 20 பங்கு அளவுக்கு உயர்த்தினால் நோய் தணிய வாய்ப்புண்டு என்று கூறியது. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் தானியங்களின் பங்கு ஆற்றலில் 45-ஐத் தாண்ட வேண்டாம் என்கிறது. சோற்றை ஒழிக்கச் சொல்வோர் இங்கு எவருமில்லை. மூன்றிலொரு பங்கைக் குறைத்தாலே பாதி வழி கடந்துவிடுவோம்.

இனி அடுக்களைக்குள் செல்வோம். நம் மாணவர் அறைகளில் இருப்பது ஒரு மின்னடுப்பு, ஒரு இருப்புச்சட்டி, ஒரு குக்கர். அவை போதும். தட்டைக் கண்ணால் நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டு பங்கு காயும் கீரையும். ஒரு பங்கு மீன், முட்டை, பயறு, பன்னீர் இவற்றுள் ஏதேனும். எஞ்சிய ஒரு பங்கு சோறு. 50 கிராம் அரிசியை வடித்தால் அந்தப் பங்கு நிரம்பும். பரிமாறும் வரிசையையும் மாற்றுங்கள். முதலில் காய், அடுத்து மீன், இறுதியில் சோறு. வயிறு பாதி நிறைந்தபின் சோற்றைக் கண்டால் கை தானே சுருங்கும்.

மீன் வாங்குவோர் வஞ்சிரத்தின் பின்னேயே ஓட வேண்டா. சூரை அதைவிட மலிவு. 100 கிராமில் 24 கிராம் அளவுக்குப் புரதம், மாவுச்சத்து இல்லை. சூரை கறுப்பு மீன், குழம்புக்கு ஆகாது என்று ஒதுக்குவோர் அதைப் புட்டாக்கிப் பார்க்கட்டும். கால் கிலோ மீனை மஞ்சளும் உப்பும் இட்டுப் பத்து நிமிடம் வேகவைத்து, ஆறியதும் தோலும் முள்ளும் நீக்கி உதிர்த்துக்கொள்ள வேண்டும். கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, பூண்டும் பச்சைமிளகாயும் நிறைய வெங்காயமும் வதக்கி, மீனைப் போட்டு ஈரம் வற்றக் கிளறி, மிளகுத்தூளும் தேங்காய்த் துருவலும் தூவி இறக்கினால் இருவருக்கு இரவுணவு ஆயிற்று. இங்கே பர்மா தனியா என்று வழங்கும் நீண்ட இலையைக் கிள்ளிப் போட்டால் மணம் தனி. அதனோடு ஒரு கிண்ணம் முருங்கைக்கீரைப் பொரியல் இருந்தால் சோற்றை நினைக்கவே தோன்றாது.

கானாங்கெளுத்தி கிடைத்த நாளில் புளிக்குழம்பு வைக்கலாம். ஆனால் குழம்பைச் சோற்றில் ஊற்றிப் பிசையும் வழக்கந்தான் சோற்றை வளர்க்கிறது. மீனையும் குழம்பையும் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, அவித்த வெண்டைக்காயையோ வாழைத்தண்டுப் பொரியலையோ அதில் தோய்த்து உண்டு பாருங்கள். வெண்ணிற மீன் கிடைத்தால் திருநெல்வேலியாரும் யாழ்ப்பாணத்தாரும் பெருமை பேசும் சொதி இருக்கவே இருக்கிறது. தேங்காய்ப்பாலுக்குத் தீவில் பஞ்சமில்லை. தேங்காயில் கொழுப்பு மிகுதியாதலால் அளவு கருதுக. காலையில் இரண்டு முட்டையோடு ஒரு பிடி கீரையும் வெங்காயமும் சேர்த்துப் பொரித்தால் ஐந்து நிமிட வேலை. 12 கிராம் புரதம். நூடுல்ஸ் பொட்டலம் வேகும் நேரத்தைவிட இது அதிகமன்று.

புலால் உண்ணாத தோழர்களே, உங்களை மறந்துவிடவில்லை. முளைகட்டிய பாசிப்பயற்றை அரைத்து வார்க்கும் அடை, கறுப்புக் கொண்டைக்கடலைச் சுண்டல், மொச்சைக் கூட்டு, பன்னீர் வதக்கல், தயிர் இவை உங்கள் படை. துவரம்பருப்பில் 100-க்கு 22 பங்கு புரதம். வேர்க்கடலையில் 24 பங்கு. சோயாவில் அதினும் மிகுதி. பருப்பிலும் மாவுச்சத்து பாதி உண்டென்றாலும், அது நார்ச்சத்தோடும் புரதத்தோடும் வருவதால் மெல்லச் செரிக்கிறது. குற்றம் பருப்பிடத்தில் இல்லை. பருப்பு மிதக்கும் நீரைச் சாம்பார் என்று ஊற்றி, அதற்கு ஈடாகச் சோற்றைக் குவிப்பதில்தான். கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கி ஊற்றுங்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. நீரிழிவுக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்பவர், தாமே சோற்றைக் குறைத்தால் இரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிடலாம். சிறுநீரக நோய் உள்ளவர்க்குப் புரதத்தின் அளவு வேறு. இவ்விரு வகையினரும் மருத்துவரைக் கேட்டே மாற்றம் செய்ய வேண்டும். மெலிந்த உடலினர் சோற்றைக் குறைத்துவிட்டு அந்த இடத்தை வெறுமையாக விடுவதும் தவறு. குறைப்பது பாதி வேலை; நிரப்புவதே மீதி வேலை. அளவறிந்து, பசித்தபின் உண்பவனுக்கு நோய் அணுகாது என்று மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் கூறிய கருத்து இதற்கு மாறானதன்று.

இனி, சொல்ல வேண்டியவற்றுள் தலையாயது. ஒரு வீட்டில் மீன் வாங்குகிறார்கள். எட்டுத் துண்டு. தந்தைக்கு இரண்டு, மகனுக்கு இரண்டு, மகளுக்கு ஒன்று, மறுநாள் மகனுக்கென்று இரண்டு. எஞ்சிய தலைத்துண்டும் குழம்பும் தாய்க்கு. அவள் கடைசியாக உட்கார்ந்து, சட்டியில் ஒட்டிய குழம்பில் மிஞ்சிய சோறு முழுவதையும் பிசைந்து உண்கிறாள். "எனக்கு மீன் பிடிக்காது" என்றும் சொல்வாள். நம்பிவிடாதீர்கள்! அவள் தட்டில்தான் மாவுச்சத்து எல்லாரினும் மிகுதி. புரதம் எல்லாரினும் குறைவு. நாற்பதைத் தாண்டியதும் நீரிழிவு என்று மருத்துவர் சொல்லும்போது, இனிப்பு அதிகம் உண்டாயா என்று அவளையே கேட்கிறோம். இனிப்பை அவள் உண்ணவில்லை. நமக்கு மிஞ்சியதை உண்டாள். விடுமுறைக்கு ஊர் செல்லும் ஒவ்வொரு மாணவனும் ஒரு நாள் கரண்டியைத் தன் கையில் வாங்கிக்கொண்டு, தாயை முதற்பந்தியில் உட்காரவைத்து, நடுத்துண்டை அவள் தட்டில் இடட்டும். மாவுச்சத்தைக் குறைப்பது என்பது, வீட்டில் மீன் யாருக்கு என்ற நீதிக் கேள்வியும் ஆகும்.

வீட்டில் தாய்க்கு நேர்வதே விடுதியில் நமக்கும் நேர்கிறது. பல உணவு விடுதிகளின் வழக்கம் நாம் அறிந்ததே: சோறு எத்தனை முறை கேட்டாலும் உண்டு, மீன் ஒரு துண்டு, பொரியல் ஒரு கரண்டி. மறுமுறை கேட்டால் தனிக் காசு. ஏனெனில் சோறு மலிவு. மலிவானதால் நம் வயிற்றை நிரப்பி அனுப்புகிறார்கள். இதற்கு மாற்றாக நம் மன்றம் கேட்கக்கூடியவை மூன்று. சோறு பாதி, பொரியல் இருமடங்கு, முட்டையோ மீனோ பயறோ கூடுதலாக ஒரு பங்கு கொண்ட தட்டு ஒன்றை, அதே விலையில், வேண்டுவோர்க்கு விடுதிகள் தரவேண்டும். குறையும் சோற்றின் விலை கூடுதல் பங்கின் விலையில் ஒரு பகுதியையேனும் ஈடுகட்டும். அடுத்து, அறைத்தோழர் நால்வர் சேர்ந்து வாரம் ஒருமுறை ஜங்லிகாட்டில் முழுச் சூரையாக வாங்கிப் பகிர்ந்துகொள்ள மன்றமே ஏற்பாடு செய்யலாம். துண்டாக வாங்குவதைவிட முழு மீன் மலிவாகவே அமையும். மூன்றாவது, மன்றம் நடத்தும் விழாக்களில் மூன்று வகைச் சோறு போட்டு விருந்து என்று பெயர் சூட்டும் வழக்கத்தை விட்டு, ஐந்திணை உணவும் வரிசையாக வைத்து ஒரு விருந்து நடத்திக் காட்டலாம்.

மாணவத் தோழர்களே, தோழியரே! மொழியைக் காக்க வேண்டும், இலக்கியத்தைக் காக்க வேண்டும் என்று நாம் மேடையில் முழங்குகிறோம். அவற்றைக் காக்க வேண்டிய உடல் நாற்பது வயதில் தளர்ந்துவிட்டால் முழக்கம் யாருக்கு? நாளை மாலை அபர்டீன் பஜாருக்குச் செல்வீர்கள். அரிசி மூட்டையின் முன் நிற்கும்போது, வழக்கமாக வாங்கும் ஐந்து கிலோவில் இரண்டைக் குறையுங்கள். அந்தக் காசோடு ஜங்லிகாட் பக்கம் நடந்து செல்லுங்கள்.